பாழடைந்த பசுமைக்குடிலுக்குச் சுத்திகரிப்புப் பொருள்கள்: எது காசுக்கு உழைக்கும், எது கண்துடைப்பு

ஓரிரு பருவம் பூட்டிக் கிடந்த பசுமைக்குடிலைத் திறந்ததும் பலரும் முதலில் வாங்க ஓடுவது கிருமிநாசினி கேன். வாங்க வேண்டிய வரிசையில் அது கடைசி. மண், பாசி, காய்ந்த இலை, வேர்த் துணுக்கு இவற்றின் மேல் பட்டால் எந்தக் கிருமிநாசினியும் தன் வீரியத்தில் பெரும்பகுதியை அவற்றிடமே செலவழித்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்து அப்படியே இருக்கும். ஆகவே இந்த மதிப்பீட்டில் பிரஷ்ஷுக்கும் சோப்புக்கும்தான் முதல் மதிப்பெண். மற்றவை அவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன. சில நிற்கவே தகுதியற்றவை.

எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்பும் குடில் காலியாக வேண்டும். பழைய தொட்டி மண், கட்டுக்கயிறு, காய்ந்த கொடி, கிழிந்த நாற்றுத் தட்டு எல்லாம் வெளியே போகட்டும். கயிறையும் கிளிப்பையும் “கழுவினால் போதும்” என்று வைத்துக்கொள்வது வீண் சிக்கனம்: புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த செடித் துணுக்கில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். களையை வேரோடு பிடுங்கி, அங்கேயே பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வாசலோரம் குவித்தால் அதிலிருக்கும் வெள்ளை ஈயும் இலைப்பேனும் வாடும் செடியை விட்டு உள்ளே திரும்பும். வெளிச்சுவரை ஒட்டியும் குறைந்தது 3 மீட்டர் அகலத்துக்குக் களை இருக்கக்கூடாது.

களைக்கொல்லியைப் பற்றி ஒரே வரி: மூடிய குடிலுக்குள் வேண்டாம். 2,4-டி வகையைச் சேர்ந்தவற்றின் ஆவி தங்கினால் பின்னால் வரும் தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும். தக்காளி அதற்கு மிகவும் மென்மையான பயிர். மூலையில் பெயர் அழிந்த மருந்து பாட்டில்கள் கிடந்தால் திறந்து மோந்து பார்க்காமல், கழிவு ஏற்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இனி பொருள்களுக்கு வருவோம்.

நீர் ஓடும் கைப்பிடி கொண்ட நீளக்கம்புப் பிரஷ்தான் மொத்தச் சாமான்களில் சிறந்த செலவு. தோட்டக்குழாயை அதன் கைப்பிடியில் மாட்டினால் தேய்க்கும் இடத்திலேயே தண்ணீர் விழும். இளகிய அழுக்கு மறுபடி ஒட்டாமல் வழிந்துவிடும். நுனி பிளந்த மென்மையான இழை உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கடினமான நைலான் இழை பாலித்தாளிலும் பாலிகார்பனேட் தகட்டிலும் மெல்லிய கீறல் போடும்; அடுத்த பருவத்தில் பாசி முதலில் குடியேறுவது அந்தக் கீறலில்தான். தரைக்கும் இரும்புக் கால்களுக்கும் தனியாக ஒரு கடின பிரஷ் போதும். இரண்டையும் மாற்றிப் புழங்காமல் இருக்க கம்பில் வண்ண நாடா சுற்றிவைப்பது நல்லது.

சோப்பு விஷயத்தில் விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. மிதமான பாத்திரம் கழுவும் திரவம், ஒரு வாளி வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மூன்று மூடி, அவ்வளவுதான். “பசுமைக்குடில் ஸ்பெஷல்” என்று வரும் கழுவு திரவங்களில் காரத்தன்மை கூடியவை உண்டு; பாலிகார்பனேட்டுக்கு அவை ஆகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், பெட்ரோல் எதுவும் அந்தத் தகட்டில் படக்கூடாது: முதலில் மங்கும், பிறகு மயிரிழை வெடிப்பு விடும். பாலித்தாளின் உட்பக்கத்தில் நீர் சொட்டாமல் வழிந்தோடச் செய்யும் பூச்சு இருந்தால் அங்கே சோப்பைத் தவிர்த்து வெறும் தண்ணீரால் கழுவுவது உத்தமம். சோப்பு அந்தப் பூச்சை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு விடியற்காலையில் கூரையிலிருந்து செடிமேல் துளி துளியாக விழும், சாம்பல் பூஞ்சணம் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

கண்ணாடிக் கூரையானால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கைகண்ட மருந்து. இரும்புக் கறை, சுண்ணாம்புப் படிவு, பழைய புழுதி மூன்றையும் ஒன்றாக இளக்கும். நச்சுள்ள பொருள் என்பதால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், பின்னால் தாராளமாக அலச வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ சேர்ந்த திரவங்கள் இன்னும் வேகமாகப் பளபளப்பாக்கும். ஆனால் அவை கண்ணாடியையே அரிப்பவை, தோலில் பட்டால் எலும்புவரை போகக்கூடியவை. அந்தப் பளபளப்பு நமக்கு வேண்டாம். இந்தக் கூரை வேலையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 1 சதவீத வெளிச்சம் குறைந்தால் விளைச்சலும் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது குடில் விவசாயிகளின் பழைய கணக்கு. பாசி படர்ந்த கூரைக்குக் கீழே எந்த உரமும் ஈடு செய்யாது.

உயர் அழுத்த வாஷர் தகுதிக்கு மீறிப் புகழப்படும் சாமான். கான்கிரீட் நடைபாதை, கல்தரை, இரும்பு மேசைக் கால், காலியான பிளாஸ்டிக் தொட்டி இவற்றுக்கு அது அருமை. 1,500 முதல் 2,000 பிஎஸ்ஐ (நீரழுத்தத்தின் அளவு) தாராளம், அதற்கு மேல் காசு கொடுக்கத் தேவையில்லை. முனையின் நிறம் நீர் விரியும் கோணத்தைக் காட்டும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. குடில் வேலைக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். சிவப்பு முனையைப் பெட்டியிலேயே பூட்டிவிடலாம்; ஊசிபோல வரும் நீர் மரத்தைப் பிளக்கும், தோலைக் கிழிக்கும்.

அது எங்கே கெடுக்கிறது என்பதுதான் முக்கியம். பாலித்தாள் மேல் அடித்தால் கம்பியோடு ஒட்டும் இடத்தில் கிழியும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட்டின் ஓரத்தில் அடித்தால் ஓரத்தை அடைக்கும் நாடாவைத் தாண்டித் தண்ணீர் தகட்டின் உள் குழல்களுக்குள் புகும், பின்னர் அங்கே வளரும் பாசியை எந்தப் பிரஷ்ஷாலும் எட்ட முடியாது. (ஏற்கெனவே உள்ளே பச்சையாக இருந்தால் தகட்டைக் கழற்றி, நாடாவை உரித்து, குழல் வழியே நீர் விட்டு, முழுதாகக் காயவைத்து, மேல்முனைக்கு அடைப்பு நாடாவும் கீழ்முனைக்கு நீர் வடியும் நுண்துளை நாடாவும் புதிதாக ஒட்டுவதே வழி. புற ஊதாப் பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்கிறதா என்று மாட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டிய தகடு சீக்கிரம் மஞ்சளடித்துவிடும்.) நீர் வழியவிட்டு உள்ளே வரும் காற்றைக் குளிரூட்டும் காகித அட்டையில் அடித்தால் மடிப்பு நசுங்கிக் காற்று போகும் வழி அடைபடும். மண்தரையில் அடித்தால் சேறு தெறித்து, கழுவி முடித்த சுவரிலேயே நோய்க் கிருமியைப் பூசிவிடும். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்கும் அளவுக்கு இதில் வேலை இல்லை.

கழுவும் திசை கூரையிலிருந்து தரைக்கு, பின்சுவரிலிருந்து வாசலுக்கு. பூச்சிவலையை மட்டும் உள்ளிருந்து வெளியே, மெல்லிய பீச்சலில் கழுவ வேண்டும். 40 கண் வலை (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) வெள்ளை ஈயைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமானது, அதனாலேயே புழுதியையும் பிடித்துக்கொள்ளும். அடைபட்ட வலைக்குப் பின்னால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் உள்ளே வெப்பம் இறங்காது. விசிறி இறக்கையையும் தடுப்புப் பலகையையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் அப்போதே இறுக்குங்கள்.

கழுவியபின் குடில் முழுதாக உலர வேண்டும். தேங்கிய தண்ணீர்மேல் கிருமிநாசினி அடித்தால் நாம் அளந்து கலந்த அளவு அங்கே இருக்காது.

கிருமிநாசினிகளில் நான்கு வகை கிடைக்கின்றன. மலிவானது ப்ளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டு உபயோகத்துக்கு வருவது 5 சதவீத அளவில் இருக்கும். 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதக் கரைசல். தொழிற்சாலைத் தரத்தில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் அரை லிட்டருக்கு ஒன்பதரை லிட்டர் தண்ணீர். வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை என எதையும் விட்டுவைக்காத வீச்சு அதற்கு உண்டு. ஆனால் குறைகளும் வெளிப்படை. கலந்த கரைசல் இரண்டு மணி நேரத்தில் பாதி வீரியத்தை இழக்கும் என்று கொள்ள வேண்டும், ஆகவே காலையில் கலந்ததை மாலையில் அடிப்பது கண்துடைப்பு. கேனிலேயே வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இறங்கும். பழைய கேனின் லேபிளை நம்ப வேண்டாம். இரும்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும், எனவே அரை மணி நேரம் கழித்து நன்றாக அலச வேண்டும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன். மூடிய குடிலுக்குள் இரண்டும் உயிருக்கு ஆபத்து. வினிகரோ ஆக்ஸாலிக் அமிலமோ தேய்த்த சுவரை அலசாமல் ப்ளீச் அடிக்கவே கூடாது. தொட்டி, நாற்றுத் தட்டு, கான்கிரீட் ஆகியவற்றுக்கு ப்ளீச்சை மிஞ்சிய பொருள் அதன் விலையில் இல்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடும் பெராசிடிக் அமிலமும் சேர்ந்த கலவை எங்கள் முதல் தேர்வு. வேலை முடிந்ததும் தண்ணீர், ஆக்ஸிஜன், அசிட்டிக் அமிலம் என்று சிதைந்துவிடுகிறது. செடிக்குக் கெடுதலான மிச்சம் நிற்பதில்லை. மேசை, சுவர், குழாய் வெளிப்புறம் எல்லாவற்றுக்கும் ஆகும். தரையில் மிஞ்சிய பாசிப் படலத்தின் மேல் பட்டால் நுரை கிளம்பும். பார்க்க வேலை நடப்பதுபோல் இருந்தாலும் அந்த நுரை உண்மையில் ஒரு புகார்: அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது, மருந்து அதில் வீணாகிறது என்று பொருள். திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வாருங்கள். அடர்கரைசல் தோலைச் சுடும், வாடை தொண்டையைப் பிடிக்கும். கலக்கும்போது கதவு திறந்திருக்கட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதப் பெராக்சைடு இதற்கு மாற்று ஆகாது.

குவாட்டர்னரி அம்மோனியம் வகை, ‘குவாட்’ என்று சுருக்கிச் சொல்வது, நிலையானது, உலோகத்தை அதிகம் அரிக்காது, கலந்து வைத்தாலும் சட்டென்று வீரியம் இறங்காது. பலர் அதை வாங்கி ஏமாறுவதற்குக் காரணம் சோப்பு. சாதாரணச் சோப்புத் திரவத்தின் மிச்சம் ஓர் இழை இருந்தாலும் இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். கடினநீரும் அதைப் பலவீனப்படுத்தும். சோப்புக்குப் பின் இரண்டு முறை அலசி, பெரும்பாலான லேபிள்கள் கேட்கும் 10 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்தால்தான் பலன். வெயில் நேரத்தில் இரும்பு மேசை மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும்; ஆகவே இந்த வேலைக்குக் காலையோ மாலையோதான் சரி. புகையிலைத் தேமல் போன்ற உறையில்லாத வைரஸ்களிடம் குவாட் வலுவற்றது. முன்பு அந்த நோய் இருந்த குடிலுக்கு ப்ளீச்சோ, கருவிகளுக்கு 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட்டோ பாருங்கள்.

70 சதவீத ஆல்கஹால் கத்திரிக்கும் கத்திக்கும் மட்டும். சுவருக்கு அடித்தால் நனைவதற்குள் பறந்துவிடும், தீப்பிடிக்கவும் செய்யும்.

கந்தகம் எரித்துப் புகை போடும் பழைய வழக்கத்தை இன்னும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். துத்தநாகப் பூச்சை அரிக்கும், பாலித்தாளில் வெயில் தாங்கச் சேர்த்திருக்கும் பொருளைக் கெடுக்கும், ஆளின் நுரையீரலையும் விடாது. 200 மைக்ரான் தாள் மூன்று நான்கு ஆண்டு உழைக்க வேண்டியது, கந்தகம் பட்டால் முன்னதாகவே பொடிப்பொடியாகும். பார்மலினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது.

மரமேசை பற்றியும் ஒரு வார்த்தை. நுண்துளை நிறைந்த மரத்தை எந்தக் கிருமிநாசினியும் உள்வரை எட்டாது. மெத்துப்போன பலகையைக் கழற்றிவிட்டு கம்பிவலை மேசை போடுவது மருந்துச் செலவைவிட லாபம். மரம்தான் வேண்டும் என்றால் கிரியோசோட், பென்டாகுளோரோஃபீனால் பூசியது கூடாது. அவற்றின் ஆவியே செடியைக் கொல்லும்.

சொட்டுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய வரும் ஆயத்த பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை சிட்ரிக் அமிலத்தை அழகான உறையில் போட்டவை. முதலில் எந்த அடைப்பு என்று பாருங்கள். நீர் சொட்டும் முனையான சொட்டுவான் ஒன்றை வெட்டிப் பிரியுங்கள்: வெள்ளையாக, நறநறவென்று இருந்தால் சுண்ணாம்பு, அதற்கு அமிலம், வழவழவென்று பச்சையோ பழுப்போ இருந்தால் பாசியும் பாக்டீரியாவும், அதற்குக் குளோரின். இரண்டும் தேவைப்பட்டால் வெவ்வேறு நாளில், நடுவே நன்றாக அலசி.

எந்த மருந்துக்கும் முன்னால் ஃபில்டரைக் கழுவி, முதன்மைக் குழாய், துணைக்குழாய், பக்கக்குழாய் என்ற வரிசையில் முனைகளைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். வரிசை மாறினால் முதன்மைக் குழாயின் சேறு நேரே சொட்டுவானில் போய் உட்காரும். அமில அளவை ஊகிக்க வேண்டாம். 10 லிட்டர் பாசன நீரில் அமிலத்தை மில்லி மில்லியாகச் சேர்த்து, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 4 வரும்போது எத்தனை மில்லி ஆனது என்று குறித்தால் மொத்த நீருக்குப் பெருக்கிக்கொள்ளலாம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. 16 மில்லிமீட்டர் பக்கக்குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லி நீர் கொள்ளும். குழாயை நிரப்ப எவ்வளவு கரைசல் வேண்டும் என்பது அதிலிருந்தே கிடைக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். குளோரினுக்கு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) போதும்: 1,000 லிட்டருக்கு 5 சதவீத ப்ளீச் 400 மில்லி.

முடிந்ததும் சொட்டுவான்களின் அடியில் கோப்பை வைத்து மூன்று நிமிடம் ஓட்டுங்கள். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் 100 மில்லி தர வேண்டும். பல சொட்டுவான்கள் 85 மில்லிக்குக் குறைவாகத் தந்தால் குழாயை மாற்றுவதே மலிவு.

குளிரூட்டும் காகித அட்டைக்குக் குளோரின் ஆகாது, இழையை இற்றுப்போகச் செய்யும். மெதுவாக நீர் விட்டு மேலிருந்து கீழாக மென்மையான பிரஷ், அதோடு சரி. இனி ஓட்டும்போது தினமும் இரவில் காயவிட்டால் பாசி தானே அடங்கும்.

மண்ணுக்கென்று விற்கும் “கிருமிநீக்கத் திரவங்கள்” மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பெராக்சைடையோ ப்ளீச்சையோ மண்ணில் ஊற்றினால் மேல் ஓரங்குலத்தின் கரிமப் பொருளே அதைக் குடித்துவிடும். ப்ளீச் கூடுதலாகச் சோடியத்தையும் குளோரைடையும் விட்டுப்போகும். அந்தக் காசுக்கு 25 முதல் 50 மைக்ரான் தெளிந்த பாலித்தாள் வாங்குங்கள். மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி, 30 சென்டிமீட்டர் ஆழம்வரை நனைத்து, தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து, கடும் வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம் குடிலையும் மூடிவைத்தால் மேல்மண்ணின் நோய்க்கிருமியும் களை விதையும் பெரிதும் குறையும். கறுப்புத் தாள் இந்த அளவுக்குச் சூடேற்றாது. வேர்முடிச்சு நூற்புழு ஆழத்திலிருந்து திரும்ப வரக்கூடும் என்பதால் அது மோசமாக இருந்த இடத்தில் தொட்டிச் சாகுபடிக்கு மாறுவதே புத்திசாலித்தனம். நீராவி வாய்ப்பு இருந்தால் மிகக் குளிர்ந்த இடம் 82 பாகை செல்சியஸில் 30 நிமிடம் நிற்க வேண்டும். அதற்கு மேல் சூடேற்றினால் மாங்கனீசும் அம்மோனியாவும் விடுபட்டு நாற்றைக் கருக்கும்.

கூரைக்கடியில் மழை விழாததால் பழைய உரத்தின் உப்பு மேலேயே தங்கியிருக்கும். மண் பரிசோதனையில் கேட்க வேண்டிய முதல் எண், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன். மண்ணை நீரால் நிறைத்து வடித்தெடுத்த நிறைகரைசலில் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர்மண். 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் உப்பில் பாதியை இறக்க 15 சென்டிமீட்டர் நீர், அதாவது சதுர மீட்டருக்கு 150 லிட்டர். 80 சதவீதம் இறங்க 300 லிட்டர். வடிகால் இல்லாத மண்ணில் இது சேற்றைத்தான் தரும். ஜிப்சம் மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மட்டுமே அது மருந்து.

ஆள் வைத்துச் செய்யும் துப்புரவுச் சேவையை அமர்த்துவதானால் மூன்று கேள்வி கேளுங்கள்: கழுவுவதும் கிருமிநீக்கமும் தனித்தனி நாளா, எந்தப் பொருளை எந்த அளவில் கலக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஈரமாக வைக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்பவர் வாசனையைத்தான் விற்கிறார்.

நாற்று வாங்குமுன் இரண்டு மலிவான சோதனைகள். பசை தடவிய மஞ்சள் அட்டைகளைக் காலிக் குடிலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈ ஒட்டினால் எங்கோ ஒரு களை பச்சையாக இருக்கிறது. கறுத்த சிறு பூஞ்சைக் கொசு ஒட்டினால் மேசைக்கடியிலோ வடிகாலிலோ ஈரமும் பாசியும் மிச்சம். அதே வாரம் குடிலின் மண்ணை நான்கைந்து தொட்டிகளில் நிரப்பி பீன்ஸ் விதையுங்கள், ஒப்பிட நல்ல மண்ணில் இரண்டு தொட்டி. இரண்டு மூன்று வாரத்தில் குடில் மண்ணின் இலை மட்டும் கிண்ணம்போல் குவிந்தாலோ முறுக்கினாலோ பழைய களைக்கொல்லி இன்னும் மண்ணில் இருக்கிறது. விளிம்பு கருகினால் உப்பு; இன்னொரு முறை நீர் விட்டு இறக்குங்கள், நாற்றுக்கு அதுவரை ஆர்டர் கொடுக்க வேண்டாம்.